குரோன் நோயில் பவுத்திரம்: அறுவை மருத்துவர் ஏன் உடனே வெட்டுவதில்லை?

ஆசனவாய் ஓரத்தில் ஒரு கட்டி வருகிறது. நான்கைந்து நாள் உட்கார முடியாத வலி, கூடவே காய்ச்சல். பிறகு அது உடைந்து சீழ் வெளியேறுகிறது, வலியும் போய்விடுகிறது. அப்பாடா என்று மூச்சு விட்டால், அதே இடத்தில் உள்ளாடையில் ஈரம் படுகிறது. சில வாரம் கழித்து மறுபடியும் கட்டி. நம்மவர்களில் பலர் இதை மூலம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். உடம்புச் சூடுதான் காரணம் என்று மோரும் வெந்தயமும் குடிப்பார்கள், மிளகாயைக் குறைப்பார்கள், யாரோ சொன்ன களிம்பைத் தடவுவார்கள். மாதங்கள் ஓடிவிடும். மலேசியாவில் செந்தூலிலும் சரி, பட்டர்வொர்த்திலும் சரி, இந்தக் கதையில் பெரிய வித்தியாசம் இல்லை.

மூலத்தில் ரத்தம் வரும், சதை வெளியே தள்ளும். சீழ் வராது. சீழ் நின்று நின்று கசிகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பவுத்திரத்தை. ஆசனவாய்க்கு உள்ளே ஒரு துளை, வெளியே தோலில் ஒரு துளை, இரண்டையும் இணைக்கும் ஒரு சின்னப் பாதை. இதைத்தான் டாக்டர்கள் ஃபிஸ்டுலா என்கிறார்கள். வெளித்துளை மூடிக்கொண்டால் உள்ளே சீழ் சேர்ந்து கட்டியாகும். திறந்துகொண்டால் கசியும். மாதக்கணக்கில் மாறி மாறி நடப்பது இதுதான்.

பவுத்திரம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் குடலில் வேறு நோய் எதுவும் இருக்காது. ஆசனவாயின் உட்புறத்தில் சின்னச் சின்னச் சுரப்பிகள் உண்டு. அதில் ஒன்று அடைத்துச் சீழ் பிடித்து, அந்தச் சீழ் தோலை நோக்கி வழி தேடும்போது பவுத்திரம் உண்டாகிறது. இந்தச் சாதாரண வகைக்கு ஒரு நல்ல அறுவை சிகிச்சை போதும், பெரும்பாலும் குணமாகிவிடும்.

இந்தக் கட்டுரை இன்னொரு வகையைப் பற்றியது. குரோன் நோய் உள்ளவர்களுக்கு வரும் பவுத்திரம்.

குரோன் என்பது நீண்டகாலக் குடல் அழற்சி நோய்களில் ஒன்று. உடலின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கி, வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் புண்ணை உண்டாக்கும். குடல் சுவரின் முழுத் தடிமனையும் துளைத்துக்கொண்டு போகும் குணம் இதற்கு உண்டு. பவுத்திரம் வருவதும் அதனால்தான். இன்னொரு குடல் அழற்சி நோயான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் குடலின் உட்படலத்தோடு நின்றுவிடும். அந்த நோய் இருப்பதாகச் சொல்லப்பட்டவருக்குச் சிக்கலான பவுத்திரம் வந்தால், உண்மையில் இது குரோனா என்று மருத்துவர்கள் மறுபடி யோசிப்பார்கள்.

நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த பரில் குரோனும் அவருடைய இரண்டு சகாக்களும் 1932இல் இந்த நோயை விவரித்தார்கள். ஆசனவாய்ப் பவுத்திரத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று ஆறு வருடத்தில், 1938இல், அதே குரோன் இன்னொருவரோடு சேர்ந்து எழுதினார். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்தில் நீண்டகாலம் பின்தொடர்ந்து பார்த்ததில், குரோன் நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு 20 வருடத்துக்குள் பவுத்திரம் வந்திருக்கிறது. சிலருக்கு வயிற்றுத் தொல்லை எதுவும் தெரிவதற்கு முன்பே பவுத்திரம்தான் முதல் அறிகுறி.

இது வெள்ளைக்காரர்களின் நோய் என்று நினைத்துவிட வேண்டாம். மலேசியாவில் குடல் அழற்சி நோய்கள் மொத்தத்தில் அரிதுதான், ஆனால் கூடிக்கொண்டு வருகின்றன. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் நடந்த ஆய்வு, மலாய்க்காரர்களையும் சீனர்களையும் விட இந்தியர்களுக்கு இவை அதிகமாக வருவதைக் காட்டியது. ஏன் என்பதற்கு முழு விடை இல்லை. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கு இருபது, இருபத்தைந்து வயதில் ஆறாத பவுத்திரம், அடிக்கடி வயிற்றுப்போக்கு, காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, இதெல்லாம் சேர்ந்து வந்தால் குரோன் பற்றிக் கேட்பதில் தவறே இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட வெளித்துளைகள் இருந்தாலும், ஒரு தடவை அறுவை செய்தும் புண் ஆறாமல் கிடந்தாலும் அதே சந்தேகம் வர வேண்டும்.

வெட்டினால் என்ன ஆகும்?

சாதாரண பவுத்திரத்துக்குப் பழைய, எளிய சிகிச்சை ஒன்று உண்டு. பாதையை அதன் நீளத்துக்கும் கீறித் திறந்து, அடியிலிருந்து புண் ஆற விடுவது. பாதை தோலுக்கு அருகிலேயே ஓடினால் இது நன்றாக வேலை செய்யும். பிரச்சினை, பாதை தசைக்குள் ஓடும்போது வருகிறது.

ஆசனவாயைச் சுற்றி இரண்டு சுருக்குத் தசைகள் வளையமாக இருக்கின்றன. உள்வளையம் நம் கட்டுப்பாட்டில் இல்லை. நாம் தூங்கும்போதும் அதுபாட்டுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். வெளிவளையம் நம் சொல் கேட்கும். பஸ்ஸில் போகும்போது அவசரமாக வந்தால் அடக்கிக்கொள்வது அந்தத் தசையால்தான். லண்டனின் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் ஆலன் பார்க்ஸ் என்ற அறுவை மருத்துவர் 400 பவுத்திரங்களைப் படித்து, பாதை இந்த இரண்டு வளையங்களையும் எப்படிக் கடக்கிறது என்பதை வைத்து 1976இல் அவற்றை நான்கு வகையாகப் பிரித்தார். இரண்டு தசைக்கும் நடுவே இறங்குவது ஒன்று. இரண்டையும் துளைத்து வெளியேறுவது இன்னொன்று. தசைக்கு மேலே ஏறிச் சுற்றி இறங்குவது மூன்றாவது. ஆசனவாயையே தொடாமல் மேலே மலக்குடலிலிருந்து நேராகத் தோலுக்கு வருவது நான்காவது. இன்றும் எம்.ஆர்.ஐ. அறிக்கைகளில் இந்தப் பிரிவைத்தான் பார்ப்பீர்கள். பாதை எவ்வளவு தசையைத் தாண்டுகிறதோ, அதைக் கீறினால் அவ்வளவு தசை போகும். மலத்தையும் வாயுவையும் அடக்கும் சக்தியும் அதோடு குறையும்.

குரோன் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. அவர்களுக்கு மலம் பெரும்பாலும் இளக்கமாகவும் அடிக்கடியும் போகும். கெட்டியாகப் போகிறவருக்குக் கொஞ்சம் தசை குறைந்தால் பெரிதாகத் தெரியாமல் போகலாம், தண்ணீராகப் போகிறவருக்கு அந்தக் கொஞ்சமே பெரிய இழப்பு. அப்புறம், மலக்குடலில் அழற்சி இருக்கும்போது அங்கே போடும் கத்திக் காயம் ஆறாது. பவுத்திரத்துக்குப் போட்ட காயமே நிரந்தரப் புண்ணாக மாறியவர்கள் உண்டு. இது எல்லாவற்றையும் விட முக்கியமானது இன்னொன்று: குரோன் வாழ்நாள் நோய். இன்று ஒரு பவுத்திரம், ஐந்து வருடம் கழித்து வேறு பக்கம் இன்னொன்று வரலாம். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் தசையைக் கொடுத்துக்கொண்டே போனால் கடைசியில் கொடுக்க எதுவும் இருக்காது.

அதனால்தான் அனுபவமுள்ள அறுவை மருத்துவர் குரோன் என்று தெரிந்ததும் கத்தியைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறார். நோயாளிக்கு இது அலட்சியமாகத் தோன்றலாம். "ஆப்பரேஷன் என்று சொல்லிவிட்டு ஒரு நூலைக் கட்டி அனுப்பிவிட்டார்கள்" என்ற புலம்பல் அடிக்கடி காதில் விழும். உண்மையில் அந்த நூல்தான் சிகிச்சையின் அஸ்திவாரம்.

நூல்

சீழ் உள்ளே தேங்கியிருக்கும்வரை எந்த மருந்தும் சரியாக வேலை செய்யாது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைச் சீழ்க்கட்டியோடு கொடுத்தால் தொற்று பரவும் ஆபத்தும் உண்டு. ஆகவே முதல் வேலை, சீழை வெளியேற்றுவது. முழு மயக்கத்தில் வைத்து மருத்துவர் நன்றாகப் பரிசோதிக்கிறார், கட்டி இருந்தால் கீறி விடுகிறார். பிறகு ஒரு மெல்லிய நூலை அல்லது சிலிக்கோன் நாடாவை வெளித்துளை வழியாக விட்டு, பாதை முழுக்க ஓட்டி, ஆசனவாய் வழியாக வெளியே இழுத்துத் தளர்வாக முடிச்சுப் போடுகிறார். இதன் பெயர் செட்டன்.

காது குத்தியவுடன் ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க நூலோ வேப்பங்குச்சியோ செருகி வைப்பார்களே, கிட்டத்தட்ட அதே காரியம்தான் இங்கேயும். நூல் கிடக்கும்வரை பாதையின் வாய் மூடாது, சீழ் சேராமல் கசிந்துகொண்டே போய்விடும், புதிய கட்டி வரும் வாய்ப்பு குறையும். வலியும் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே அடங்கிவிடும். சிலர் இந்த நூலோடு மாதக்கணக்கில் இருப்பார்கள். சிலர் வருடக்கணக்கில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள், மோட்டார் ஓட்டுகிறார்கள், கல்யாணமும் பண்ணிக்கொள்கிறார்கள்.

பவுத்திரத்தில் நூல் விடுவது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஹிப்போகிரட்டீஸ் காலத்துக் கிரேக்க மருத்துவத்தில் நூலோடு குதிரை முடியைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் பழங்கால ஆயுர்வேத மருத்துவர் சுஸ்ருதர் வழி வந்த காரநூல் சிகிச்சை இன்றும் நடக்கிறது. இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். அரிக்கும் மூலிகைக் காரம் தடவிய நூலும், நாளுக்கு நாள் இறுக்கிக்கொண்டே போகும் நூலும் தசையை மெல்ல அறுத்துக்கொண்டு வருபவை. சாதாரண பவுத்திரத்தில் அதற்கு ஒரு இடம் இருக்கலாம். குரோன் பவுத்திரத்துக்கு வைப்பது தளர்ந்த நூல், எதையும் அறுக்காதது. தமிழ்நாட்டுக்குப் போய்ச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று யோசிப்பவர்கள், குரோன் இல்லை என்று உறுதியான பிறகு யோசிக்கட்டும்.

பாதை எங்கே போகிறது என்று தெரியாமல் நூல் விட முடியாது. அதற்காகத்தான் இடுப்பு எம்.ஆர்.ஐ. கிளைப்பாதைகள், மறைந்திருக்கும் கட்டிகள், தசையைக் கடக்கும் இடம் எல்லாம் அதில் தெரியும். ஆசனவாய்க்குள் விட்டுப் பார்க்கும் அல்ட்ராசவுண்டும் உண்டு. மயக்கத்தில் செய்யும் பரிசோதனையோடு இவற்றில் ஒன்றைச் சேர்த்தால் தவறு வெகுவாகக் குறையும். ஆனால் கடும் வலியோடு, காய்ச்சலோடு வருகிறவருக்கு எம்.ஆர்.ஐ. தேதிக்காகக் காத்திருக்க முடியாது. முதலில் சீழை எடுக்க வேண்டும், படம் பிறகு. கூடவே, பெருங்குடலைக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்து, மலக்குடலில் அழற்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதன் விடை பிறகு வரப்போகும் எல்லா முடிவுகளையும் மாற்றும்.

மருந்தின் பங்கு

மெட்ரோனிடசோல், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லிகள் கசிவைக் குறைக்கும், நிறுத்தியதும் பெரும்பாலும் திரும்பி வரும். உண்மையான மாற்றம் இன்ஃப்ளிக்சிமாப்போடு வந்தது. உடலில் அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற பொருளைத் தடுக்கும் மருந்து அது. 1999இல் வெளியான ஆய்வில், வழக்கமான அளவில் மருந்து பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு எல்லாப் பவுத்திரங்களும் கசிவதை நிறுத்தின. மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்களில் அது 13 சதவீதம். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் மருந்துக்குப் பலன் கண்டவர்களை ஒரு வருடம் வரை தொடர்ந்து பார்த்த அடுத்த ஆய்வில், கசிவே இல்லாமல் நீடித்தவர்கள் 36 சதவீதம். கசிவு நின்றதும் பாதை உள்ளுக்குள் மறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, வெளிவாய் மூடியிருக்கலாம், எம்.ஆர்.ஐ.யில் பாதை அப்படியே தெரியலாம்.

இன்ஃப்ளிக்சிமாப் ரத்தநாளம் வழியாக ஏற்றுவது. முதல் நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், அதன்பின் எட்டு வாரத்துக்கு ஒரு முறை. அதே வகையைச் சேர்ந்த அடலிமுமாப் என்பது வீட்டிலேயே தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் ஊசி.

இந்த ஊருக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. மலேசியாவில் காசநோய் இன்னும் போகவில்லை. டி.என்.எஃப். தடுப்பு மருந்து போட்டால் உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமி விழித்துக்கொள்ளலாம். ஹெப்படைட்டிஸ் பி-யும் அப்படியே. அதனால் மார்பு எக்ஸ்ரே, காசநோய்ச் சோதனை, ஹெப்படைட்டிஸ் சோதனை எல்லாம் முடிந்துதான் முதல் ஊசி. அதோடு, குடலில் வரும் காசநோய் குரோனைப் போலவே தோற்றமளிக்கும், ஆசனவாயில் பவுத்திரத்தையும் உண்டாக்கும். ஒன்றுக்கு மற்றொன்றின் மருந்தைக் கொடுத்தால் விபரீதம். டாக்டர் திரும்பத் திரும்பச் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னால் எரிச்சல் வரும், ஆனால் இந்த நாட்டில் அந்த நிதானம் தேவை.

மூடும் அறுவை, அதற்கும் நேரம் உண்டு

சீழ் அடங்கி, மருந்து வேலை செய்து, மலக்குடல் ஆறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பாதை ஒற்றையாக, கிளை இல்லாமல் இருந்தால், அதை மூடும் அறுவையைப் பற்றிப் பேசலாம்.

எனக்குப் பிடித்தது லிஃப்ட் என்ற முறை. பக்கத்து நாட்டில் பிறந்தது என்பதும் ஒரு காரணம். பாங்காக் சூலாலோங்கோர்ன் பல்கலைக்கழகத்தின் அருண் ரோஜனசகுல் 2007இல் இதை அறிமுகப்படுத்தினார். இரண்டு சுருக்குத் தசைகளுக்கும் இடையே ஒரு சின்னக் கீறல் போட்டு உள்ளே போய், பாதையை அங்கேயே கண்டுபிடித்து இரண்டு பக்கமும் கட்டி நடுவில் வெட்டிவிடுவது. தசை எதுவும் அறுபடுவதில்லை. இன்னொரு முறையில், மலக்குடலின் உட்சுவரிலிருந்து ஒரு மடலைப் பிரித்து, கீழே இழுத்து, உள்துளையின் மேல் வைத்துத் தைக்கிறார்கள். இதற்கு மலக்குடல் ஆரோக்கியமாக இருந்தே ஆக வேண்டும், அழற்சியுள்ள சதையில் தையல் நிற்காது. பாதையைக் கீறித் திறக்கும் பழைய முறையும் முற்றிலும் விலக்கப்பட்டது அல்ல. தசையை மிகக் கொஞ்சமாகவே தொடும் மேலோட்டமான பாதை, மலக்குடலில் அழற்சி இல்லை, அறிகுறிகள் தொல்லை தருகின்றன என்றால் கவனமாகச் செய்யலாம்.

பசை ஊற்றி அடைப்பது, அடைப்பான் செருகுவது, லேசரால் சுடுவது என்று இன்னும் பல உண்டு. தசைக்குக் கெடுதி இல்லை என்பது இவற்றின் பலம். நிலைத்த பலன் கிடைப்பது நிச்சயமில்லை என்பது பலவீனம். தனியார் விளம்பரங்களில் லேசர் என்ற சொல்லுக்கு இருக்கும் மவுசு ஆய்வுகளில் அதற்கு இல்லை.

மூடும் அறுவை மருந்தை விட உண்மையிலேயே மேலானதா? நெதர்லாந்திலும் இத்தாலியிலும் நடந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கேட்டது. டி.என்.எஃப். தடுப்பு மருந்தை மட்டும் ஒரு வருடம் போட்டவர்கள் ஒரு பக்கம், குறுகிய காலம் மருந்து போட்டுப் பாதையை அறுவையால் மூடியவர்கள் மறுபக்கம். 18 மாதம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, அறுவைப் பக்கத்தில் 32 சதவீதத்தினருக்குப் பாதை ஆறியிருந்தது. மருந்துப் பக்கத்தில் 9 சதவீதம். 32 என்பது கொண்டாடும் எண் இல்லைதான். இரண்டையும் சேர்த்துச் செய்வதே நல்லது, மருந்தை மட்டும் நம்பி அறுவையைக் கடைசிவரை தள்ளிப்போட வேண்டியதில்லை என்பதை அது காட்டுகிறது.

கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களைப் பாதையைச் சுற்றி ஊசியாகப் போடும் சிகிச்சை மீது ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கை இருந்தது. ஐரோப்பாவில் 2018இல் அனுமதியும் கிடைத்தது. பிறகு நடந்த பெரிய ஆய்வில் அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை, 2024 இறுதியில் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. ஆகவே யாராவது ஸ்டெம் செல் போட்டுப் பவுத்திரத்தை உறுதியாகக் குணப்படுத்துகிறேன் என்று பெரிய தொகை கேட்டால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பை

மருந்தும் நூலும் தோற்று, சீழும் வலியும் வாழ்க்கையையே முடக்கும்போது, குடலின் ஒரு பகுதியை வயிற்றுத் தோலுக்குக் கொண்டுவந்து மலத்தைப் பையில் திருப்பிவிடும் ஸ்டோமா அறுவை பற்றிப் பேச்சு வரும். கேட்டதும் அழாதவர்கள் குறைவு. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஆரம்பத்தில் நல்ல நிவாரணம் கிடைக்கிறது. தற்காலிகம் என்று வைத்த பையை எடுத்துவிட்டு வெற்றிகரமாகப் பழையபடி திரும்பியவர்கள் ஆறில் ஒருவர்தான். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை. அதே சமயம், வருடக்கணக்கில் சீழோடு கஷ்டப்பட்டவர் பை வைத்த பிறகு நிம்மதியாகத் தூங்குவதும் நடக்கிறது. மிகச் சிலருக்கு மலக்குடலையே எடுத்துவிட வேண்டிவரும். நாள்பட்ட பவுத்திரத்தில் அரிதாகப் புற்றுநோய் உண்டாகலாம் என்பதால், பல வருடமாக இருக்கும் பவுத்திரத்தில் புதிதாக வலியோ கட்டியோ வந்தால் மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

கோலாலம்பூரில், பினாங்கில் எங்கே போவது?

குடல் மருத்துவரும் பெருங்குடல் அறுவை மருத்துவரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே நோயாளியைப் பற்றிப் பேசும் இடம்தான் வேண்டும். ஒருவர் மட்டும் பார்ப்பது போதாது. கோலாலம்பூரில் பெரிய அரசு மருத்துவமனையும், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும், செராசில் உள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனையும் நினைவுக்கு வரும். வடக்கில் ஜார்ஜ்டவுனின் பினாங்கு மருத்துவமனை. பக்கத்து அரசுச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹத்தானில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போவது சுலபமான வழி. அந்தக் கடிதத்தில் மூலம் என்று எழுதிவிட்டால் வரிசையில் பின்னால் போய்விடுவீர்கள். சீழ் வருகிறது, எத்தனை மாதமாக, வயிற்றுப்போக்கு உண்டா, எடை குறைந்ததா என்பதைத் தெளிவாகச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். ஊசி மருந்துகள் விலை அதிகம், அரசு மருத்துவமனையில் யாருக்கு எப்போது கிடைக்கும் என்பதை நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது. இன்ஷூரன்ஸ் இருந்தால் வெளிநோயாளி ஊசிக்கு அது பணம் தருமா என்றும் பாருங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. பாதை சிலருக்குப் பிறப்புறுப்பு வழியாகத் திறந்து, வாயுவோ மலமோ அந்தப் பக்கம் வரும். அம்மாவிடம்கூடச் சொல்லக் கூசும் விஷயம். இது குரோனில் தெரிந்த ஒன்றுதான், டாக்டருக்கு அதிர்ச்சி தராது. பெண் டாக்டர் வேண்டுமென்று கேட்பதும் உங்கள் உரிமை.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பவுத்திரத்தை மூடும் சாப்பாடு எதுவும் இல்லை, மிளகாய் அதைத் திறக்கவும் இல்லை. கட்டாயம் விட வேண்டியது சிகரெட். அது குரோனை நிச்சயமாக மோசமாக்கும்.

நூலோடு வீட்டுக்கு வந்தபின் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். காலையும் மாலையும், மலம் கழித்தபின்னும் ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து உட்காருங்கள். சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டாம். ஈரம் ஒட்டாமல் இருக்க மெல்லிய பஞ்சோ பேடோ வையுங்கள், நம் ஊர் வெக்கைக்கு வீட்டில் சாரமோ கைலியோ போதும். நூலை மெல்லச் சுற்றிவிடலாம், இழுக்கக் கூடாது. முடிச்சு உறுத்தினால் மருத்துவமனையில் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். நூல் அறுந்து விழுந்துவிட்டால் பதற வேண்டாம், ஆனால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை சும்மா இருக்கவும் வேண்டாம். அதே வாரத்தில் போன் பண்ணிச் சொல்லுங்கள். காய்ச்சல், புதிய வீக்கம், உட்கார முடியாத வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நீங்கள் போட்டுக்கொள்ளும் ஊசியின் பெயரைக் கடைசியாகப் போட்ட தேதியோடு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அடையாள அட்டையான மைகார்டோடு வைத்திருங்கள். அவசரப் பிரிவில் இருக்கும் இளம் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.